பிடிமானம்



கிரிக்கெட் மட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பலகையைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த ஊர் வில்லோ மரம், எத்தனை ரேகைகள், விளிம்பு எவ்வளவு தடிமன், பந்து பட்டதும் என்ன ஓசை எழுகிறது என்பவையே பேச்சாக இருக்கும். விளம்பர ஒட்டுகளும் பலகையின்மீதே ஒட்டப்படுகின்றன. ஆனால் ஆடுகிறவரின் உடல் மட்டையைத் தொடுகிற இடம் ஒன்றே ஒன்று. அது கைப்பிடி. பலகை ஆயிரம் பேருக்கும் பொதுவாகச் செய்யப்படுகிறது. கைப்பிடி மட்டும்தான், வாங்கியவர் தம் கைக்கு ஏற்ப உரித்து, சுற்றி, தடித்தும் மெலித்தும் தமதாக்கிக்கொள்ளக்கூடிய பகுதி.

இதை நான் சிந்திக்கக் காரணமாய் இருந்த இடம் முவைலா. ஷார்ஜா மாநகரின் கிழக்கே, பல்கலைக்கழக நகரத்தை ஒட்டி விரிந்து கிடக்கும் பகுதி அது. இன்று அங்கே பள்ளிக்கூடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்திருக்கின்றன. அகழாய்வாளர்களுக்கு முவைலா என்றால், மணலுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்புக் காலக் குடியிருப்பும் அதன் தூண் மண்டபமும் நினைவுக்கு வரும். நம் தொழிலாளத் தம்பிகளுக்கோ அங்கே கட்டடம் எழும்பாத மனைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன, அவற்றில் கெட்டிப்பட்ட மணல் தரை இருக்கிறது என்பதே முக்கியம். 2022 சனவரியில் அமீரகத்தின் வார விடுமுறை மாறியபின் இவர்களில் பலருக்கு ஞாயிறு ஓய்வு நாளாயிற்று. வெயில் தணிந்த பிற்பகலில் நான்கைந்து வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். மின்பணியாளர், குளிரூட்டி பழுதுபார்ப்பவர், அலுமினியச் சட்டம் பொருத்துபவர், ஓட்டுநர், கிடங்கு உதவியாளர் என்று பதினொருவர். அவர்களுக்கு மட்டை ஒன்றுதான்.

ஒரு மட்டையைப் பதினொருவர் பிடிக்கும்போது கைப்பிடி சிறிய ஊர்ச்சபை ஆகிவிடுகிறது. பெரிய கை உடையவர் தடிமன் போதாது என்கிறார். சிறிய கை உடையவர் அதே பிடியை உலக்கை என்கிறார். ஒருவருக்குச் சொரசொரப்பு வேண்டும், அடுத்தவருக்கு அதே சொரசொரப்பு உள்ளங்கையைக் கிழிக்கிறது. நான் அங்கே போய் நிற்கும் ஞாயிறுகளில் ஆட்டத்தைவிட இந்த வழக்கையே அதிகம் கேட்டிருக்கிறேன்.

அந்தக் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். நாம் மட்டை என்பதை அவர் துடுப்பு என்கிறார். அவர்கள் ஊரில் பேட் செய்வது துடுப்பாட்டம், டென்னிஸ் பந்தில் ஆடுவது மென்பந்தாட்டம். முதல்முறை அவர், "அண்ணை, துடுப்பைத் தாங்கோ" என்று கை நீட்டியபோது, பாம்பன் கரையிலும் குமரிக் கரையிலும் பிறந்து துடுப்போடு வளர்ந்த நம்மவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு யோசித்தபோது இரண்டு சொற்களுமே எனக்கு அழகாகத் தோன்றின. மட்டை என்பது தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் வந்த சொல். கடற்கரைச் சிறுவர்களான எங்களுடைய முதல் மட்டை உண்மையிலேயே தென்னை மட்டைதான்; அடிப்பகுதியை அரிவாளால் சீவினால் பலகை, மேலே ஒடுக்கினால் கைப்பிடி. துடுப்பு என்பது கடலிலிருந்து வந்த சொல். ஒரு கரை மரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, மறு கரை படகைப் பார்த்துப் பெயர் வைத்தது. இரண்டுமே இரு கைகளால் இறுகப் பற்ற வேண்டியவை. பிடி நழுவினால் ஆளைக் கவிழ்ப்பவை.

கடையில் வாங்கும் மட்டையின் கைப்பிடியைப் பலரும் ஒற்றை மரத்துண்டு என்று எண்ணுகிறார்கள். அது பிரம்பு. பல பிரம்புத் துண்டுகளைச் சீவி ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே ரப்பர் அல்லது தக்கைப் பட்டைகளை இடைவைத்துச் செய்கிறார்கள். அதன் அடிமுனையை ஆப்பு வடிவில் கூராக்கி, வில்லோப் பலகையில் வெட்டிய பிளவுக்குள் பசையிட்டு இறக்குகிறார்கள். பிறகு நெடுக நூல் சுற்றி, அதன்மேல் ரப்பர் உறை மாட்டுகிறார்கள். பழைய காலத்து மட்டைகள் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டவை. பந்து பட்ட அதிர்ச்சி நேரே முழங்கைவரை ஏறும். பிரம்புக் கைப்பிடியை ஆப்பாகப் பலகைக்குள் பொருத்தும் இன்றைய முறையை 1880-களில் வகுத்தவர் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்னும் பொறியாளர் என்பர். இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றுக்கு அடியில் தொடர்வண்டிச் சுரங்கம் அமைத்த பணியின் தலைமைப் பொறியாளர் அவர். ஆற்றுக்கு அடியில் வழி கண்டவர், அடியின் அதிர்ச்சி கைக்கு ஏறாமல் தடுக்கவும் வழி கண்டார்.

ஆட்ட விதிகளும் கைப்பிடியைக் கவனிக்கத் தவறவில்லை. மட்டையின் முழு நீளம் 96.52 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர்களின் மட்டையில் கைப்பிடி அந்த நீளத்தில் 52 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பிரம்பு, மரம், நூல் தவிர்த்த பிற பொருள்கள் கைப்பிடியின் கன அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் அதன்மேல் எத்தனை உறை போடுகிறோம், எந்த இடத்தில் தடிக்க வைக்கிறோம் என்பதை விதி ஆடுகிறவரின் கைக்கே விட்டுவிடுகிறது.

அந்த உரிமையைப் பெரிய ஆட்டக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். சச்சின் டெண்டுல்கர் கைப்பிடியின் மிகக் கீழே பற்றுவார். சிறுவயதில் அண்ணன் அஜித்தின் பெரிய மட்டையை எடுத்து ஆடியதால் வந்த பழக்கம் அது. 1998 ஏப்ரல் 22 அன்று, முவைலாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷார்ஜா விளையாட்டரங்கில், மணற்புயல் இடைமறித்த ஆட்டத்தில் அவர் 143 ரன் எடுத்ததும், இரண்டு நாள் கழித்துத் தம் பிறந்தநாளில் 134 ரன் எடுத்ததும் அந்தக் கீழ்ப்பிடியோடுதான். 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கைக்கு எதிராக 149 ரன் எடுத்த ஆடம் கில்கிறிஸ்ட், கீழ்க்கை பிடி அளவுக்கு மீறி இறுகாதிருக்கக் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்து ஒன்றை வைத்துக்கொண்டார். சென்னை ரசிகர்கள் மேத்யூ ஹெய்டனை மறந்திருக்க மாட்டார்கள். 2010-இல் கைப்பிடி நீண்டு பலகை குறுகிய 'மங்கூஸ்' மட்டையோடு வந்து, டெல்லி அணிக்கு எதிராக 43 பந்துகளில் 93 ரன் அடித்தார்.

இந்தப் பெயர்களையெல்லாம் முவைலாவில் எல்லாரும் அறிவார்கள். ஆனால் அங்கே கைப்பிடியின் ஆசான் வேறொருவர். பாம்பன் பக்கத்தைச் சேர்ந்த மின்பணியாளர், வயது ஐம்பதைக் கடந்தவர். வளைகுடாவுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எல்லாருக்கும் அவர் 'அண்ணே', எனக்கும் அப்படித்தான். அவருடைய பணிப்பையில் எப்போதும் கறுப்பு, சிவப்பு, வெள்ளை நிறங்களில் இன்சுலேஷன் டேப் உருளைகள் இருக்கும். அங்கே ஆடுவது டேப் பந்து ஆட்டம். டென்னிஸ் பந்தின் மேல் மின்பணி டேப்பை இறுக்கிச் சுற்றினால் துள்ளல் குறைந்து வேகம் கூடும். கராச்சித் தெருக்களில் பிறந்த முறை இது. வளைகுடாவின் மணல் மனைகளிலெல்லாம் இன்று அதுவே ஆட்சி செய்கிறது. ஆக, ஒரே உருளையிலிருந்து பந்துக்கும் டேப் கிடைக்கிறது, கைப்பிடிக்கும் கிடைக்கிறது.

ஆனால் அண்ணன் கைப்பிடிக்கு அந்த டேப்பை எளிதில் அனுமதிப்பதில்லை. இன்சுலேஷன் டேப் வழவழப்பானது. செப்டம்பர் மாதத்துக் கடல் ஈரக் காற்றில் உள்ளங்கை வியர்த்தால் மட்டை மீனாகி நழுவும். வண்டியின் பின்பெட்டியில் ஒரு கோடைப் பகல் கிடந்தால் அதன் பசை இளகி ஓரங்களில் பிதுங்கும். ஆகவே கைக்குப் பருத்தித் துணி டேப்பே நல்லது, அது வியர்வையைக் குடிக்கும் என்பார். அதை அரை அகலம் முந்தைய சுற்றின்மேல் ஏறும்படி, ஒரே இழுவையில், சாய்வாகச் சுற்ற வேண்டும். நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அந்த இடத்தில் மேடு விழும். மேடு விழுந்த இடத்தில் கொப்புளம் எழும். ரப்பர் உறை மாட்டுவதற்குக் கடைகளில் மரக்கூம்பு இருக்கும். கூம்பு இல்லாதவர்கள் கைப்பிடியின்மேல் நெகிழிப் பையைப் போர்த்தி, முகப்பவுடர் தூவி, உறையைச் சுருட்டி உருட்டியபடியே இறக்கிவிட்டுப் பையை உருவிக்கொள்ளலாம். பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் கைப்பிடி இறங்கும் ஆப்புப் பகுதியில் ஒரு துளியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஊறினால் பசை விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்வார். மட்டை கனமாக இருக்கிறது என்று புலம்புகிறவருக்கு அவர் பலகையைச் சீவிக் கொடுப்பதில்லை. கைப்பிடியில் இன்னோர் உறையை ஏற்றிக் கொடுப்பார். ஓர் உறை ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். எடை கூடியிருக்கும்போதே மட்டை இலகுவாகிவிட்டது என்று ஆடுகிறவர் சொல்வார். சுத்தியலைக் காம்பு நுனியில் பிடித்துத் தூக்கினால் கனக்கும், தலைப் பக்கம் பிடித்துத் தூக்கினால் கனக்காது அல்லவா? கைக்கு அருகில் இருக்கும் பாரம் கையை இழுப்பதில்லை. தொலைவில் தொங்கும் பாரமே இழுக்கிறது. கடல் கடந்து வாழ்கிறவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஒருமுறை பொது மட்டையின் பழைய பிடியை அவர் உரித்தபோது அருகில் இருந்தேன். கத்தியின் முனையை நூலில் படாதவாறு மேலோட்டமாக இறக்கினார். மேலே நீல ரப்பர் உறை. அதன் கீழே கறுப்பு டேப். அதற்கும் கீழே துணி டேப், பிறகு சைக்கிள் டியூப் ஒரு சாண். கிராமத்தில் நாங்கள் செய்ததும் அதுவே. பழைய டியூபை வெட்டிச் சோப்பு நீரில் நனைத்து மாட்டினால் ஓராண்டு தாங்கும். ஒவ்வோர் அடுக்கையும் உரிக்கும்போது அவர் ஓர் ஆளை நினைவுகூர்ந்தார். துணி டேப் சுற்றியவர் காரைக்குடிக்காரர், விசா முடிந்து ஊரில் கடை வைத்துவிட்டார். டியூப் போட்டவர் சியால்கோட்டைச் சேர்ந்த பெரியவர். விளையாட்டுப் பொருள்கள் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர். நம்மவர்களோடு இந்தியில் பேசி, நம்மவர்களோடு ஆடி, போன ஆண்டு நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். உரித்த அடுக்குகள் மணலில் கிடந்தன. வேலைக்கு வந்து போனவர்களின் பெயர் எந்தக் கட்டடத்திலும் பொறிக்கப்படுவதில்லை. அந்தக் கைப்பிடி மட்டும் அவர்களை அடுக்கடுக்காக வைத்திருந்தது.

இப்போது சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரின் இசைவோடும், பெயரும் ஊரும் தவிர்த்தும் எழுதுகிறேன்.

அந்தக் குழுவில் குமரிக் கடற்கரையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உண்டு. அலுமினியச் சட்டம் வெட்டும் வேலை. நடுவரிசையில் ஆடுவார், கீழ்க்கையால் வீசி அடிக்கும் அடிதான் அவருடைய சிறப்பு. ஒருநாள் வேலையிடத்தில் வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. மருத்துவம் நடந்தது, காயம் ஆறியது, கிடங்கில் எளிய வேலையும் கிடைத்தது. ஆனால் அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அறையில் எல்லாரும் வட்டமாக அமர்ந்து உண்ணும்போது இவர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையில் கரண்டி பிடித்து உண்டார். ஊருக்குக் காணொலியில் பேசும்போது வலது கை திரைக்குள் வராது. அம்மாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. நான் அறைக்குச் சென்று பார்த்தபோதும் அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

நண்பர்கள் வற்புறுத்தி ஒரு ஞாயிறன்று அழைத்து வந்தார்கள். மட்டையைக் கொடுத்தார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு வலது கை கீழ்க்கை; வீச்சின் விசை அங்கிருந்துதான் வருகிறது. குறைந்த விரல்கள் பிடியைச் சுற்றி வரவில்லை. முதல் பந்து பட்டதும் மட்டை கைக்குள் திரும்பிக்கொண்டது. முகம் சுளித்தது வலியால் மட்டும் அல்ல என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் போய் அமர்ந்துகொண்டார்.

அன்று மாலை நல்லெண்ணத்தோடு பலவித ஆலோசனைகள் எழுந்தன. இடது கை ஆட்டத்துக்கு மாறிவிடட்டும், அப்போது காயமான கை மேற்கையாகிவிடும் என்றார் ஒருவர். பேட் செய்யாமல் நடுவராக நிற்கட்டும் என்றார் இன்னொருவர். அண்ணன் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டேப் உருளையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "அவன் கைய மாத்தச் சொல்லாதீங்கப்பா. மட்டைய மாத்துவோம்."

அணித் தலைவர் ஒரு நியாயமான தடையைச் சொன்னார். பதினொருவருக்கும் இருப்பது ஒரே மட்டை. அதை ஒருவருக்காக மாற்றினால் பத்துப் பேர் எப்படி ஆடுவது? இதில் அவர்மீது குற்றம் காண எதுவுமில்லை. பொதுப் பொருளின் பொதுத்தன்மையைக் காப்பதும் ஒரு கடமைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை, "அப்படியானால் அவர் ஆடவேண்டாம்" என்பதாக இருந்தால், பொது என்ற சொல்லுக்கு என்ன பொருள்? நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் தம் அறைக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அடிமுனை பிளந்தது. பிளவில் மரப்பசை விட்டு, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் வைத்து, நார் டேப் சுற்றி அதை மீட்டார்கள். இனி கைப்பிடி வேலை.

முதல் முயற்சியில் அண்ணன் கைப்பிடியின் கீழ்ப்பாதியில் சைக்கிள் டியூப் இரண்டு அடுக்கு ஏற்றினார். தடித்த பிடி குறைந்த விரலுக்கு எளிது என்ற எண்ணம் சரிதான். கை வலுக் குறைந்தவர்களுக்குக் கரண்டிக் காம்பையும் பேனாவையும் தடிக்க வைத்துக் கொடுப்பது கை மருத்துவத்தில் வழக்கம். மருத்துவமனையில் இவருக்கும் அப்படியொரு கரண்டியைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிடி உருண்டையாக இருந்ததால் மட்டை கைக்குள் சுழன்றது. கட்டைவிரலும் எதிர்ப்பக்கத்தை எட்டவில்லை. பந்து பட்ட இடமெல்லாம் கோணல்.

அடுத்த ஞாயிறு டியூபைக் களைந்துவிட்டு இன்சுலேஷன் டேப்பை மெல்லிதாகச் சுற்றினார். அது வியர்வையில் வழுக்கியது. மேலும், இழந்த விரல்களின் புதுத்தோல் நுனி கடினமான டேப்பில் உரசும்போது தீப்பட்டதுபோல் இருந்தது. வெட்டுண்ட விரல் நுனிகளில் நரம்புகள் மிகைக் கூச்சத்தோடு இருக்கும் என்பதையும், மென்மையான பொருளிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகச் சொரசொரப்பான பொருளில் தேய்த்துப் பழக்கிக் கூச்சத்தைக் குறைப்பார்கள் என்பதையும் அந்த இளைஞரே அப்போதுதான் எங்களிடம் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் தம் கையைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியது அதுவே முதல்முறை. "வலிக்கிற இடத்தக் காட்டு" என்று அண்ணன் கேட்டார். இளைஞர் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினார். அண்ணன் பேனாவால் கைப்பிடியில் இரண்டு புள்ளிகள் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது முயற்சிக்கு அவர் தம் தந்தையின் தொழிலுக்குத் திரும்பினார். விரல்கள் சுற்றிவந்து முடிகிற பக்கத்தில், கைப்பிடியின் நெடுக்கே மெல்லிய கயிற்றை வரப்புப்போல் ஒட்டினார். குறைந்த விரல்கள் போய்க் கொக்கியிட்டுக்கொள்ள அது ஓர் இடம். உருண்டைப் பிடி நீள்வட்டமானதால் மட்டை கைக்குள் சுழல்வதும் நின்றது. அதன்மேல் மெழுகு தடவிய நூலைச் சுற்றினார். கரையில் வளர்ந்தவர்கள் அந்தச் சுற்றை அறிவார்கள். நூலின் ஒரு முனையை வளையமாக மடித்துக் கிடத்தி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிவந்து, மறுமுனையை வளையத்துக்குள் செருகி, அடிமுனையைப் பிடித்து இழுத்தால் வளையம் சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே வெளியே தெரியாது. கயிற்றின் நுனி பிரியாமல் மீனவர்கள் கட்டும் கட்டும், மட்டையின் கைப்பிடியில் நூல் முடியும் விதமும் ஒன்றே. பேனாப் புள்ளி வைத்த இரண்டு இடங்களில் மட்டும் சிறிதளவு பஞ்சு. மேலே துணி டேப். மேற்கைக்கு மட்டும் ரப்பர் உறை பாதி. பிடியின் உச்சியில் இன்னோர் உறை, பாரம் கைக்கு அருகில் வருவதற்காக.

முடிந்ததும் இளைஞரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அவர் பிடித்தார். விட்டார். மீண்டும் பிடித்தார். மணிக்கட்டைத் திருப்பினார். மட்டை திரும்பவில்லை, அவர் திருப்பிய பக்கம் வந்தது. அன்று ஏழு பந்துகள் ஆடி நான்கு ரன் எடுத்தார். நான்காவது ரன்னுக்கு ஓடும்போது, ஓடாதே, விக்கெட் போய்விடும் என்று எதிரணிக்காரரே கத்தினார். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

காணொலி எடுத்தவர் அதைத் தம் வாட்ஸப் நிலைத்தகவலில் வைத்துவிட்டார். கடற்கரைக் கிராமங்களில் செய்தி கடற்காற்றைவிட விரைவாகப் பரவும். மறுநாள் இரவு அம்மாவின் அழைப்பு வந்தது. காணொலியில் மகன் மட்டையைத் தூக்கி நிற்கும் நொடியை அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். அழுகையும் கோபமும் எல்லாம் வந்தன. எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் கேட்டது இது: "மட்ட பிடிக்க முடியுதா மக்களே?" முடியுது என்றார் மகன். "அப்பம் சோறு பிசஞ்சு தின்ன முடியும்லா?"

இதை என்னிடம் சொன்னபோது அந்த இளைஞர் சிரித்தார். ஒரு தாயின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று எனக்கு வியப்பாக இருந்தது. கை இருப்பது எதற்கு என்பதில் அவருக்குக் குழப்பமில்லை.

வளைகுடாவுக்கு வருகிற ஒவ்வொருவரும் தம்மை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுக்குக் கட்டிலுக்கு உடலை மாற்றிக்கொள்கிறார்கள், மெஸ் சமையலுக்கு நாவை மாற்றிக்கொள்கிறார்கள், மூன்று மொழி கலந்த பேச்சுக்குச் செவியை மாற்றிக்கொள்கிறார்கள். சொந்தப் பெயரின் உச்சரிப்பைக்கூட மேற்பார்வையாளரின் வாய்க்கு ஏற்ப விட்டுக்கொடுக்கிறார்கள். இதில் பல தவிர்க்க முடியாதவை. வேலை வேண்டும் என்று வந்த இடத்தில் இவற்றைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மனிதன் ஏதேனும் ஓரிடத்தில், பொருள் தனக்கேற்ப மாறுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் மாறி மாறித் தன் கையின் அளவையே அவன் மறந்துவிடுவான். அண்ணன் அந்த இளைஞருக்குச் சுற்றிக் கொடுத்தது துணி டேப்பும் நூலும்தான். ஆயினும் அதில், உன் கை இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், உனக்கேற்ற பிடியை நாங்கள் செய்து தருகிறோம் என்ற சொல் இருந்தது. தமிழில் பிடிமானம் என்ற சொல் கைப்பிடிப்பையும் குறிக்கும், வாழ்வைத் தாங்கும் ஊன்றுதலையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர் ஏதோ பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, இதைப் படித்து முடித்தபின் உங்களுக்கு ஒரு சிறிய வேலை தரட்டுமா? உங்கள் வீட்டு அடுக்களைக்குச் செல்லுங்கள். அம்மாவோ பாட்டியோ நாள்தோறும் பிடிக்கும் கத்தியின் காம்பையும் அகப்பையின் காம்பையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு மெலிந்த காம்பு எவ்வளவு துன்பம் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்; கையை மாற்றி மாற்றிப் பிடித்துச் சமாளித்துக்கொள்வார்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காம்பைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தி, சைக்கிள் டியூப் ஒரு சாண் வெட்டி மாட்டுங்கள். இல்லையென்றால் பருத்தித் துணி டேப்பை அரை அகலம் ஏறுமாறு ஒரே இழுவையில் சுற்றுங்கள். முதல்முறை சரியாக வராது. அடுத்த ஞாயிறு உரித்துவிட்டு மீண்டும் சுற்றுங்கள்.

அன்புடன்,
ஷார்ஜாவிலிருந்து உங்கள் அருள்பணியாளர்